ஐந்தரை மணி நேரம் பின்னால்

நான் ஜாதகத்தை நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எங்கள் வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். ராகு காலம், சகுனம், தோஷம் என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு ஜோசியரோடு ஒரே கடையில் உட்கார்ந்து பிழைத்தவள் நான். "குறி சொல்றவனோட சேந்து திங்கிற சோறு செமிக்குமாட்டி?" என்று அம்மா கேட்பாள். நன்றாகவே செமித்தது. ஒரே ஒரு தாள் மட்டும் பதினாலு வருடமாக நெஞ்சில் நிற்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. உள்பாதி என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி என்று வருவதையெல்லாம் அடித்துக் கொடுப்பேன். முன்பாதியில் ஜோசியர். ஒரு மேசை, ஒரு பஞ்சாங்கம், எப்போதும் பக்கத்தில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் பயப்படுவதில் சின்னப் பிள்ளை. கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அப்போதும் நினைத்தார், இப்போதும் நினைக்கிறார். ஜாதகம் கணிக்கிற சாப்ட்வேர் என் மெஷினில் இருந்தது. அவர் துண்டுச் சீட்டில் பிறந்த தேதி, நேரம், ஊர் எழுதி நீட்டுவார். நான் அடித்துத் தாளை எடுத்துக் கொடுப்பேன். அவர் பலன் சொல்வார். அவர் என்ன சொல்கிறார் என்று நான் காது கொடுப்பதில்லை. பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்பதோடு என் வேலை முடிந்தது.

அந்த வருடம் எனக்கு வைரஸ் தொல்லை தாங்கவில்லை. வருகிற பென் டிரைவ் எல்லாம் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். பாதி அடித்த பத்திரிகை காணாமல் போகும். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் என் தமிழ் எழுத்துருக்களும் ஜோசியரின் சாப்ட்வேரும் போய்விடும். அந்த சாப்ட்வேரைக் கொடுத்த ஆள் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த தெரிந்தவர் ஒருவர்தான் வழி சொன்னார். பழையது பாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்திலேயே லினக்ஸ் என்று இன்னொரு சிஸ்டத்தைப் போட்டுக்கொள், அதில் இந்த வைரஸ் ஏறாது, வெளியிலிருந்து வருவதையெல்லாம் அதில் திற, சுத்தமானதை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவா என்றார். ஒரு சிடியும் கொடுத்தார்.

"எப்பம்மா போடப் போற?" என்று ஜோசியர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றேன்.

"நாலரைக்கு முன்னால ஆரம்பிச்சிரு. இல்லாட்டி ஆறு மணிக்குப் பொறவு. நடுவுல ராகு காலம்."

"கம்ப்யூட்டருக்குமா?"

"புதுசா ஒண்ணைக் கொண்டாந்து குடிவைக்கோம். நேரம் பாக்காம எப்படி?"

எனக்கு வந்த கொழுப்பைச் சொல்ல வேண்டும். நாலு மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். சிடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு முப்பத்தைந்துக்குத்தான் உள்ளே போட்டேன். நான் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் செய்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

வேலை லேசானதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பழையதற்கு எவ்வளவு, புதியதற்கு எவ்வளவு என்று நடுவில் ஒரு கோட்டை நகர்த்தி நிறுத்த வேண்டும். கொஞ்சம் தப்பினால் ஆறு வருடத்துப் பத்திரிகைகள் அத்தனையும் போச்சு. கோட்டை நிறுத்திவிட்டுப் பட்டனை அமுக்கும்போது, ஜெபம் செய்தேன் என்று சொன்னால் ஜோசியர் சிரிப்பார். முக்கால் மணி நேரம் ஓடியது. மெஷின் அணைந்து திரும்ப எழுந்தபோது கருப்புத் திரையில் வரிகள் வந்தன. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் மேலே இருப்பது தானாகத் திறக்கும். நான் மாறி மாறி இரண்டையும் திறந்து பார்த்தேன். ஒன்றும் அழியவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஐப்பசி மாதம், விட்டுவிட்டு மழை. வந்ததும் லினக்ஸைத் திறந்து இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. பிறகு மெஷினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து, விண்டோஸுக்குப் போய் வழக்கமான வேலையில் உட்கார்ந்தேன். பதினோரு மணி வாக்கில் கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். புடவை முந்தானை நனைந்திருந்தது. கையில் எட்டு வயது மகளைப் பிடித்திருந்தாள். புருஷன் தோப்புக் காவலாள். மோட்டாருக்குச் சாமான் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வருகிறேன் என்று சனிக்கிழமை விடிகாலை பஸ் ஏறியவர் திரும்பவில்லை. எந்தக் கடைக்கும் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

"அவிய சொல்லாமக் கொள்ளாம ஒரு ராத்திரி வெளிய தங்குனதில்ல" என்றாள்.

அவளுக்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று, 'காணவில்லை' என்று ஒரு நோட்டீஸ். இன்னொன்று, ஜோசியரிடம் ஒரு கேள்வி. புருஷன் உயிரோடு இருக்கிறாரா, எந்தத் திசையில் இருக்கிறார். இதைப் பிரசன்னம் என்பார்கள். இதற்குப் பிறந்த நேரம் வேண்டாம். கேள்வி கேட்கிற அந்த நிமிடத்துக்குத்தான் கட்டம் போடுவார்கள். சாப்ட்வேரில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் கம்ப்யூட்டரில் அப்போது என்ன நேரமோ அதை எடுத்துக்கொண்டு கணித்துவிடும். ஜோசியர் என்னைப் பார்த்தார். அமுக்கினேன். தாள் வந்தது. அவரிடம் கொடுத்துவிட்டு, நான் அவள் கொண்டுவந்த போட்டோவை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது. ஒல்லியான முகம், சட்டைக் காலரில் ஒரு கர்ச்சீப், யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கப் போகிற வாய்.

ஜோசியர் வழக்கத்தைவிட அதிக நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கடலை தின்னவில்லை. பிறகு சொன்னார்: "இருக்காரும்மா. உசுருக்கு ஒண்ணும் இல்ல. குரு பாக்கான். மேற்க, தண்ணி ஓடுற எடத்துப் பக்கம் பாருங்க. செத்த நாளாகும். ஆனா வந்துருவாரு."

அவள் அந்த இடத்திலேயே குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாளை என்னிடம் நீட்டி, "இதை மழையில நனையாம ஒட்டிக் குடும்மா" என்றாள். லேமினேட் செய்து கொடுத்தேன். நோட்டீஸையும் அடித்துக் கொடுத்தேன். மேற்கே பார்க்கக் கிளம்பிப் போனாள்.

நாலு நாள் கழித்து அதே நோட்டீஸில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சுந்தரபாண்டியத்திலிருந்து அவள் உறவுக்காரர் ஒருவர் வந்தார். கொழுந்தனும் ஊர்க்காரர்களும் மூன்று நாளாக மேற்கேதான் அலைகிறார்கள், அணைக்கரை முழுக்கப் பார்த்தாயிற்று, இன்று அய்யனார் கோவில் அருவிப் பக்கம் போயிருக்கிறார்கள் என்றார். நான் அந்த பைலைத் தேடினேன். பட்டியலில் அதன் பக்கத்தில் சேமித்த நேரம் இருந்தது. திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பத்தைந்து.

கடை திறப்பது ஒன்பது மணிக்கு. ஐந்து ஐம்பத்தைந்துக்கு நான் ராஜபாளையத்தில் பாலுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். சாவி என்னிடம் ஒன்று, ஜோசியரிடம் ஒன்று. பூட்டிய கடைக்குள் யார் உட்கார்ந்து இந்த நோட்டீஸை அடித்தது? திரையில் அந்த மனுஷன் சிரிக்கப் போகிற வாயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேய், பிசாசு என்று ஒன்றும் கிடையாது என்று வளர்ந்தவள்தான். ஆனாலும் அந்த நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. பக்கம் அமைக்கும்போது இடம் வேண்டும் என்று திரையின் கீழ்ப்பட்டையை நான் எப்போதும் மறைத்து வைத்திருப்பேன். அதோடு கடிகாரமும் மறைந்திருக்கும். சுட்டியைக் கீழே கொண்டுபோனேன். பட்டை எழுந்தது. சுவரில் மணி பன்னிரண்டு; கம்ப்யூட்டரில் ஆறரை.

கம்ப்யூட்டருக்குள், கரண்டு இல்லாதபோதும் பொத்தான் அளவு பேட்டரியில் ஓடுகிற கடிகாரம் ஒன்று உண்டு. விண்டோஸ் அது காட்டுவதை நம்மூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். நான் போட்ட லினக்ஸ் அதை லண்டன் நேரம் என்று வைத்துக்கொண்டு, நம்மூருக்காக ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். திங்கட்கிழமை காலையில் அது இன்டர்நெட்டைப் பார்த்து உள்ளே இருந்த கடிகாரத்தை லண்டனுக்குத் திருப்பி வைத்துவிட்டது. அடுத்துத் திறந்த விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று நம்பிவிட்டது. இரண்டின் மேலும் குற்றம் இல்லை. இரண்டையும் ஒரே மெஷினில் வைத்தவள் செட்டிங்கில் ஒரு வரி மாற்றியிருந்தால் போதும். நான் ராகு காலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர அந்த வரியைப் பார்க்கவில்லை.

கடிகாரத்தைத் திருத்தினேன். ஜாதகங்களுக்கெல்லாம் நேரத்தை நானே அடிப்பதால் அவற்றில் பிழை இல்லை. அந்த நாலு நாளில் பிரசன்னம் பார்த்தது ஒரே ஒருத்திதான். பதினொன்று பத்துக்குக் கேட்டவளுக்கு ஐந்து நாற்பதுக்குக் கட்டம் போட்டிருக்கிறேன்.

எழுந்து முன்பக்கம் போனேன். ஜோசியர் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: இதெல்லாம் பொய். பொய்க் கணக்கில் நேரம் தப்பினால் என்ன, சரியாக இருந்தால் என்ன? தப்பில்லாத தாள் என்று ஒன்று இருந்தால்தானே இதைத் தப்பான தாள் என்று சொல்ல வேண்டும்? இப்படிச் சொல்லிக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சாமர்த்தியத்துக்காக என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. மலையடிவாரத்தில் அப்போதும் ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சமாதானம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் ஜோசியர் சாப்பிடப் போயிருந்தபோது சரியான நேரத்தை நானே அடித்துக் கட்டம் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பலன் பார்க்கத் தெரியாது. லக்னம் மகரம் என்று இருந்தது. அவர் மேசையில் கிடந்த புத்தகத்தில் மகரத்துக்கு என்ன திசை என்று மட்டும் தேடினேன். தெற்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே என் ஊர்தான் முதலில் வருகிறது.

அன்றிலிருந்து ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் நேரே வீட்டுக்குப் போனதில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கள், மில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். அந்த முகம் எனக்கு அவள் புருஷன் முகமாக இல்லை, நான் ஸ்கேன் செய்த முகமாக இருந்தது. காலரில் கர்ச்சீப் வைத்த ஆள் யாரைக் கண்டாலும் பின்னால் போய்விடுவேன். ஒரு தடவை ஒருவர் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். மணி என்ன என்று கேட்டு வைத்தேன். அம்மா, எனக்கு யாரோடோ பழக்கம் என்று சந்தேகப்பட்டாள். சந்தேகப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் வருடத்துக்கு ஒருமுறை ஐப்பசியில் வருவாள். அய்யனார் கோவிலுக்குப் போய்த் தண்ணீர்க் கரையில் விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் கடையில் இறங்குவாள். நெற்றியில் வட்டமான குங்குமம், தலையில் பூ. ஊரில் என்ன பேசினாலும் அவள் பொட்டை எடுக்கவில்லை. யார் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டினாள். "அவிய வந்துட்டாகன்னா மொதல்ல உங்க கடைக்குத்தான் கூட்டியாருவேன்" என்பாள் என்னிடம். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். அவள் குடித்து முடிக்கும்வரை என் கை கீபோர்டில் எதையாவது அடித்துக்கொண்டே இருக்கும். ஜோசியர் அந்த நேரம் பார்த்துப் பூக்கடைக்கோ எங்கேயோ எழுந்து போய்விடுவார். காணாமல் போனவர்களைப் பற்றிய கேள்விக்கு அவர் பிறகு பலன் சொன்னதே இல்லை. அதற்கெல்லாம் இப்போது போலீஸ் இருக்கிறதே என்பார். தொழில் படுத்துவிட்ட சலிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஐப்பசிக்கு முன்பே வந்தாள். கூடக் கொழுந்தன். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்க வேண்டும்.

எல்லாம் சுமுகமாகத்தான் போனது. மாப்பிள்ளை வீட்டு விவரம், முகூர்த்தம், மண்டபம். மணமகளின் தகப்பன் பெயருக்கு வந்ததும் கொழுந்தன், "முன்னால தெய்வத்திருன்னு போட்டுருங்க" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பதினாலு வருடமாக அண்ணன் குடும்பத்துக்கும் சேர்த்து மண்வெட்டி பிடித்தவர். மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள், ஆள் இருக்கிறாரா இல்லையா, ரெண்டில் ஒன்று சொல்லுங்கள் என்கிறார்கள், ஓடிப்போனவன் மகள் என்று நாளைக்குப் பேச்சு வந்தால் பிள்ளைதான் தாங்க வேண்டும் என்றார்.

அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் மேசையில் வைத்தாள். ஓரமெல்லாம் பிரிந்து மஞ்சளாகியிருந்தது.

"இதுல இருக்காகன்னு போட்டிருக்கு. இந்தக் கடையில அடிச்ச தாளு. அதே கடையில செத்துப்போனாகன்னு எப்படி அடிப்பீக?"

கொழுந்தன் முன்பக்கம் திரும்பினார். "சாமி, நீங்களே சொல்லுங்க." ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே, இப்போது அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் பார்ப்பதில்லை என்றார். நான் இடையில் புகுந்து, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்குள் மற்றதை அடித்து வைக்கிறேன் என்றேன். போனார்கள். தாள் என் மேசையிலேயே இருந்தது.

பதினாலு வருடம் சொல்லாததை ஒரே மூச்சில் ஜோசியரிடம் கொட்டினேன். லினக்ஸ், லண்டன், பேட்டரி எல்லாவற்றையும். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. அந்தத் தாள் தப்பு, நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால், தப்பு என்னுடையது என்று முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்காமல், "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். தாள்ல நாழிகை அம்பத்தொம்பதுன்னு போட்டிருந்துச்சு. சூரியன் எந்திரிச்சதுல இருந்து மறுநா எந்திரிக்கிற வரைக்கும் அறுவது நாழிகை. பதினோரு மணிக்கு வந்து நிக்கிற பொம்பளைக்கு அம்பத்தொம்பது எப்படிம்மா வரும்? சூரியனும் லக்னத்துலயே உக்காந்திருந்தான், அது விடியக்கால நேரம். ஒம் பெட்டிக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுச்சு."

"அப்புறம் ஏன் படிச்சீங்க?"

"சரியான நேரத்தை மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். ஆயுசு சொல்ற எட்டாமிடம் நல்லா இல்ல. ஆளு இல்லன்னு வருது." கடலைப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ள வேற ஒங்கிட்ட ஸ்கேன் போடுறதை வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கி. எனக்கு வாய் வரல. கையில இருந்த தாளு நல்லதாச் சொல்லுச்சு. அதைப் படிச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் எரிந்து விழுந்தேன். பதினாலு வருடம் நான் பஸ் ஸ்டாண்டில் கண்டவன் பின்னால் போனேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். நான் மட்டும் அவரிடம் சொன்னேனா என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒருவர் டீ வாங்கவும் ஒருவர் பூக்கடைக்குமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் தனியாகத் திரும்பி வந்தாள். கொழுந்தன் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தார். நான் அவளை உட்கார வைத்து, மெஷினில் கடிகாரம் தப்பாக இருந்தது, இந்தத் தாள் நீங்கள் கேட்ட நேரத்துக்கு உரியது இல்லை என்று சொன்னேன். ஜோசியர் சொன்னதைச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தாளின் பிரிந்த ஓரத்தை விரலால் அமுக்கி ஒட்டப் பார்த்தாள்.

"அப்பச் சரியான தாளை எடுத்துக் குடும்மா" என்றாள்.

நியாயமான கேள்வி. எனக்குத்தான் அது தோன்றவில்லை. பழைய மெஷின் மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாதகத்துக்கு மட்டும் அதைத் திறப்போம். கருப்புத் திரை வந்தது, கீழ்வரியைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் திங்கட்கிழமையின் தேதியையும் பதினொன்று பத்தையும் என் கையாலேயே அடித்தேன். தாள் வந்தது. ஜோசியரிடம் கொண்டுபோனேன். இந்த முறை அவர் படித்தார். குரல் கேட்கவே இல்லை, அவளே முன்னால் குனிந்து கேட்டாள். தெற்கு என்றார். ஆள் இல்லை என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"நீங்க வந்து கேட்டப்பவே இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள். என் மேசைக்கு வந்து நின்றாள்.

"தங்கச்சி, நீங்க வேதக்காரக. இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. சாமி சத்தியமாச் சொல்லுங்க. இந்தத் தாளு நெசமா?"

இரண்டுமே வெறும் தாள்தான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். உங்கள் புருஷன் எங்கே இருக்கிறார் என்பது இந்த மெஷினுக்கும் தெரியாது, அந்த மேசைக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது மேற்கும் தெரியாது, அவர் நாளைக்கே வந்து நின்றாலும் நிற்பார் என்று சொல்லியிருக்கலாம். நான் பிறந்ததிலிருந்து நம்புவது அதுதான். அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. ஆனால் மாப்பிள்ளை வீடு ரெண்டில் ஒன்று கேட்கிறது, பாதி அடித்த பத்திரிகை திரையில் இருக்கிறது, அவள் பதினாலு வருடம் நின்ற அதே இடத்தில் நிற்கிறாள். அவளை இன்னொரு முறை ஒன்றுமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட எனக்குத் தைரியம் வரவில்லை.

"நேரம் சரியா இருந்தா தாளும் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"அப்ப அந்த வார்த்தையைப் போட்டுருங்க."

போட்டேன். ஐந்தாறு எழுத்து. பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். விரலை வைத்து வாசித்துவிட்டு, சரியா இருக்கு என்றாள்.

மறுநாள் காலையில் பத்திரிகைக் கட்டை வாங்க வந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இனி நானும் உங்களை மாதிரித்தான், பொட்டு கெடையாது" என்று லேசாகச் சிரித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று என்னவோ உளறினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கடிகாரத்துக்கு என்று நினைத்திருப்பாள்.

"அட போங்க தங்கச்சி. நேத்துத்தான் நான் தூங்குனேன். வாசல்ல எம்புட்டுச் சின்னச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சுப் போயிக் கதவைத் தெறந்து பாப்பேன், இத்தனை வருசமும். நேத்து ஏதோ சத்தம் கேட்டுச்சு. எந்திரிக்கல. படுத்தே கெடந்தேன்."

அவள் பத்திரிகைக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நான் அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.